உரிமம் என்று சொல்லிவிட்டேன்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே சங்கத்தின் ஒற்றை அறை.
ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார்கள்.
கரண்ட் வேறு போயிருந்தது.
நாற்காலி பதினொன்று, ஆள் இருபத்துமூன்று.
என் வேலை மொழிபெயர்ப்பு. மணிக்கு முந்நூறு,
மோர் தனி.

வில்லெமினுக்கு அறுபத்தெட்டு வயது.
கானாடுகாத்தானில் தங்கி
பெல்ஜியம் கண்ணாடிகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்
ஓட்டல்காரரிடம் கேட்டாராம்,
"என் தொழில் செய்கிறவர்கள் இங்கே எங்கே இருக்கிறார்கள்?"
என்ன தொழில் என்று கேட்காமலே அவர்
ஆத்தங்குடிக்குக் கார் பேசிவிட்டார், கல் பார்க்க.

ஆம்ஸ்டர்டாமில் பத்தொன்பது வருடம்
கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர் என்றேன்.
இருளாயிதான் முதலில் கேட்டாள்: "வாடகை உண்டா?"
உண்டு. ஜன்னலுக்கு, ஷிப்ட் கணக்கில்.
"ஆள் வரலைன்னா?"
வராவிட்டாலும்.
அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிரெஞ்சுப் படை புகுந்த காலத்தில்
பெண்களைப் பதிவேட்டில் ஏற்றினார்களாம்.
மருத்துவர் பார்த்துச் சீட்டில் குறிக்க வேண்டும்,
சிப்பாய்க்கு நோய் வரக் கூடாதே.
சிப்பாயிடமிருந்து வந்தால்?
அதற்கு அந்தச் சீட்டில் கட்டமில்லை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில்
விடுதிகளுக்குத் தடை.
தொழில் குற்றமில்லை, இடம் குற்றம்.

"அங்கயுமா?" என்றாள் பாண்டிச்செல்வி.
"நான் குத்தமில்ல. நான் நிக்கிற பஸ் ஸ்டாண்டு குத்தம்.
வீடு குடுத்தவன் குத்தம்.
எம் மகன் பதினெட்டு தாண்டி
எஞ் சோத்தைத் தின்னா அவனும் குத்தம்."

எண்பத்தைந்தில் சங்கம் வந்தது, பெயர் சிவப்பு நூல்.
"எந்தக் கையில கட்டணும்?" யாரோ கேட்க
கொப்புடையம்மன் சந்நிதியே சிரித்ததுபோல் ஒரு சிரிப்பு.
அதை விளக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.
வில்லெமின் வலது மணிக்கட்டை நீட்டினார்.

சறுக்கியது அதற்குப் பிறகுதான்.
அவர் சொன்னார், நாங்கள் உரிமை கேட்டோம்.
நான் வாய் தவறி
உரிமம் கேட்டோம் என்றேன்.

கணக்கெழுதிக்கொண்டிருந்த மெய்யக்காள் பேனாவை மூடினாள்.
"உரிமையா உரிமமா, டீச்சர்?
உரிமம்னா செவுத்துல மாட்டுறது.
ஆபீசர் வந்தா கிழிப்பான்.
உரிமையில கிழிக்க என்ன இருக்கு?"

தப்பை வில்லெமினிடம் ஒப்புக்கொண்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
"தப்பில்லை. நடந்ததே அதுதான்.
முதலாவதைக் கேட்டோம்,
இரண்டாயிரத்தில் இரண்டாவது வந்தது.
அதுவும் விடுதி முதலாளி பெயரில்.
வரி கட்டச் சொன்னார்கள், கட்டினேன்.
வங்கியில் கணக்குத் தொடங்கப் போனேன்,
மேலாளர் வேறு எதையோ தேடுவதுபோல் மேசையைக் குடைந்தார்.
தூர தேசத்துப் பெண்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.
பிறகு நகராட்சி ஜன்னல்களை மூடத் தொடங்கியது,
எங்களைக் காப்பாற்றுவதற்காக.
என் ஜன்னலில் இப்போது கைப்பை தொங்குகிறது."

காப்பாற்ற என்ற சொல் வந்ததும்
அதுவரை வாய் திறக்காத செம்பருத்தி சொன்னாள்:
"என்னையும் போன தையில காப்பாத்துனாங்க.
மதுரை ஹோம்ல நாலு மாசம்.
இங்க பாப்பாவோட பரீட்சை போச்சு."

கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"உங்கள் ஜன்னல் எங்கே?" என்றார் வில்லெமின்.
ஒருத்தி போனை எடுத்தாள். அப்புறம் இன்னொருத்தி.
இருட்டறையில் இருபது முகம் நீலமாயிற்று.
"இதான். ரீசார்ஜ்தான் வாடகை.
இதை மூட நகராட்சி வேணாம், சார்ஜர் போனாப் போதும்."

கரண்ட் வந்தது. கீழே ஜெராக்ஸ் மிஷின் இருமியது.
மெய்யக்காள் வவுச்சரை நீட்டினாள், அறுநூறு ரூபாய்.
கையெழுத்துப் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்,
"மொழிபெயர்ப்புன்னு மட்டும் எழுதுங்க.
சங்கம் பேரு வேண்டாம்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை.
பழகிய வாடிக்கைக்காரனைப் பார்ப்பதுபோல்.

"சரி டீச்சர்.
உங்களுக்கும் வேற பேரு எதுவும் போட்டுக்கவா?"